தி.நகர் 'டாக்டர் நாயர் ரோடு'... யார் அந்த நாயர்? எடின்பரோவில் படித்துவிட்டு வந்து மெட்ராஸ் அரசியலையே மாற்றியவரின் கதை!

கள்ளக்குறிச்சியில் இருந்து தீபாவளி பர்ச்சேஸுக்கு சென்னை வருபவர்கள் தி.நகரில் டாக்டர் நாயர் ரோட்டை எப்படியும் ஒருமுறை கடந்திருப்பார்கள். பெயரைக் கேட்டதும் டீக்கடை ஞாபகம் வரலாம். ஆனால், இவர் நிஜமான டாக்டர். ஸ்காட்லாந்து போய் மருத்துவம் படித்தவர். இன்றைக்கு நாம் பேசும் இடஒதுக்கீட்டு அரசியலுக்கு அடித்தளம் போட்ட மூன்று பேரில் ஒருவர். முழுப் பெயர் தரவத் மாதவன் நாயர். சுருக்கமாக டி.எம்.நாயர்.

எங்கே பிறந்தார்?

1868 ஜனவரி 15. அப்போதைய மெட்ராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் உள்ள திரூர் பகுதியில் பிறந்தார். படித்த, வசதியான குடும்பம். மேல்படிப்புக்கு மெட்ராஸ் வந்தவர், மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால், படிப்பை இங்கே முடிக்காமல் கப்பல் ஏறிவிட்டார். போய்ச் சேர்ந்த இடம், எடின்பரோ பல்கலைக்கழகம்.

ஏன் எடின்பரோ?

ஸ்காட்லாந்தில் நான்கு பழமையான பல்கலைக்கழகங்கள் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ், கிளாஸ்கோ, அபர்டீன், எடின்பரோ. இதில் எடின்பரோ கடைசியாக, 1583-ல் தொடங்கப்பட்டது. ஆனால் மருத்துவம் என்றால் இதுதான் முதலில் நினைவுக்கு வரும். 1726-லேயே அங்கே மருத்துவப் பள்ளி வந்துவிட்டது. சார்லஸ் டார்வின் அங்கே மருத்துவம் படிக்கச் சேர்ந்து பாதியில் விட்டவர். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயில் அங்கே படித்து டாக்டர் ஆனவர்.

இந்தியர்களும் அங்கே புதிதில்லை. நம்ம ஊர் வேதியியலின் முன்னோடி பிரபுல்ல சந்திர ராய், உதவித்தொகை வாங்கிக்கொண்டு 1882-ல் அங்கே போனவர். இந்திய மாணவர்கள் சேர்ந்து 1883-லேயே எடின்பரோ இந்தியர் சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். நாயரும் அந்தச் சங்கத்தில் தீவிரமாக இயங்கினார். அரசியல் பேசவும் வாதம் செய்யவும் அது ஒரு பயிற்சிக் களம்.

1894-ல் மருத்துவப் பட்டம், 1896-ல் எம்.டி. பிறகு பாரீஸில் காது, மூக்கு, தொண்டை சிகிச்சையில் பயிற்சி. 1897-ல் ஊர் திரும்பினார். இன்றைக்கு நாம் 'இஎன்டி ஸ்பெஷலிஸ்ட்' என்கிறோமே, அந்தத் துறையில் மெட்ராஸில் பெயர் எடுத்த ஆரம்பகால டாக்டர்களில் அவரும் ஒருவர்.

டாக்டர் அரசியலுக்கு வந்தது எப்படி?

கிளினிக் மட்டும் அவருக்குப் போதவில்லை. 'ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவ இதழை நடத்தினார். 1904 முதல் மெட்ராஸ் மாநகராட்சியில் திருவல்லிக்கேணியின் பிரதிநிதியாக இருந்தார். அப்போது அவர் காங்கிரஸ்காரர்.

அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. 1907-08-ல் தொழிற்சாலைத் தொழிலாளர் நிலையை ஆராய அரசு ஒரு கமிஷன் போட்டது. நாயர் அதில் உறுப்பினர். மின்விளக்கு வந்த பிறகு, பருத்தி ஆலைகளில் இருட்டினாலும் வேலை நிற்கவில்லை. ஒரு நாளைக்கு 14, 15 மணி நேரம்கூட ஓடியது. ஆனாலும் வயதுவந்த ஆண்களின் வேலை நேரத்துக்கு நேரடியாக வரம்பு வேண்டாம் என்று கமிஷனின் பெரும்பான்மை சொல்லிவிட்டது. நாயர் ஒத்துக்கொள்ளவில்லை. நீண்ட நேர வேலை உடம்பைக் கெடுக்கிறது, 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே போட வேண்டும் என மாற்றுக் கருத்தை எழுதிக் கொடுத்தார். 1911-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம், ஜவுளி ஆலைகளில் ஆண்களுக்கு 12 மணி நேர வரம்பைக் கொண்டுவந்தது. அவர் வற்புறுத்திய வரம்பு சட்டமானது.

திருப்புமுனை 1916

அந்தக் காலத்தில் மெட்ராஸ் மாகாணத்தில் அரசு வேலை, பட்டப்படிப்பு, சட்டசபை என எல்லா இடத்திலும் பிராமணர்கள் அவர்களின் மக்கள்தொகையைவிட பல மடங்கு அதிகமாக இருந்தார்கள். 1916-ல் டெல்லி சட்டசபைக்கான தேர்தலில் நாயர் தோற்றார். ஜெயித்தவர் வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. படிப்பு, அனுபவம், பேச்சு எல்லாம் இருந்தும் பிராமணரல்லாதார் உள்ளே நுழைய முடியவில்லை என்ற எண்ணம் நாயருக்கு உறுதியானது.

மாநகராட்சியில் நாயருக்கும் பிட்டி தியாகராயருக்கும் ஏழாம் பொருத்தம். இருவரையும் பேசி ஒன்று சேர்த்தவர் இன்னொரு டாக்டர், சி.நடேச முதலியார். வெளியூரில் இருந்து படிக்க வரும் பிராமணரல்லாத மாணவர்களுக்காக திருவல்லிக்கேணியில் விடுதி நடத்தியவர் இவர். 1916 நவம்பர் 20-ம் தேதி மெட்ராஸில் சுமார் 30 பேர் கூடினார்கள். தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் பிறந்தது. 1917 பிப்ரவரி 26-ல் 'ஜஸ்டிஸ்' பத்திரிகை வெளிவந்தது. ஆசிரியர் நாயர். பத்திரிகையின் பெயரே கட்சிக்கும் ஒட்டிக்கொண்டது. அதுதான் நீதிக்கட்சி.

1917 அக்டோபர் 7-ம் தேதி மெட்ராஸ் ஸ்பர் டாங்க் மைதானத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரை, இன்றும் திராவிட இயக்க வரலாற்றில் முக்கியமான ஒன்று.

விமர்சனமும் இருந்தது. அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்தை நாயர் கடுமையாக எதிர்த்தார். அதனால் நீதிக்கட்சி வெள்ளைக்காரனுக்குத் துணை போகிறது என்று காங்கிரஸார் சாடினார்கள். சுயாட்சி வந்தால் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பதுதான் நாயரின் கேள்வி.

லண்டனில் முடிந்த பயணம்

நாயருக்கு சர்க்கரை நோய் கடுமையாக இருந்தது. 1918-ல் சிகிச்சைக்காக இங்கிலாந்து போனவர், அங்கேயும் எம்.பி.க்களைச் சந்தித்து வகுப்புவாரி பிரதிநிதித்துவம் கேட்டார். 1919-ல் இந்தியாவுக்கான புதிய சட்டத்தை ஆராயும் நாடாளுமன்றக் குழு முன் சாட்சியம் சொல்ல மறுபடியும் லண்டன் போனார். சாட்சியம் சொல்லும் முன்பே, ஜூலை 17-ம் தேதி இறந்துபோனார். வயது 51. இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு இரண்டு வருடங்கள் கழித்துதான்.

அவர் கேட்டது ஓரளவு கிடைத்தது. மெட்ராஸ் சட்டசபையில் பிராமணரல்லாதாருக்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1920 தேர்தலில் நீதிக்கட்சி ஜெயித்தது. முதல் அமைச்சராக வந்தவர் ஏ.சுப்பராயலு ரெட்டியார். கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த தென்னாற்காடு மாவட்டத்துக்காரர். 1921-ல் வகுப்புவாரி அரசாணை வந்தது.

கல்வராயன்மலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நாயர் வெளிநாடு போய்ப் படிக்க முடிந்ததற்கு குடும்ப வசதி ஒரு முக்கியக் காரணம். அதே மாகாணத்தில் இருந்த கல்வராயன்மலை மக்களுக்கு அப்படி ஒரு வாய்ப்பை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அந்த மலை 1976 வரை ஜாகீர்தார்களின் கட்டுப்பாட்டில் இருந்தது. மலையாளி பழங்குடி மக்களுக்கு பள்ளிக்கூடமும் ரோடும் தாமதமாகத்தான் வந்தன.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022-ல் கள்ளக்குறிச்சிக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்க விரும்பும் பழங்குடி, ஆதிதிராவிட மாணவர்களுக்கு மத்திய அரசிலும் தமிழ்நாடு அரசிலும் உதவித்தொகைத் திட்டங்கள் இருக்கின்றன. எடின்பரோவுக்கு வசதியானவர்கள் மட்டும்தான் போக முடியும் என்ற காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. இந்தத் திட்டங்கள் இருப்பது மலை மேல் இருக்கும் பிள்ளைகளின் காதுக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்!