சிற்பியின் திரைப்பயணம்

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1892ஆம் ஆண்டு சமயகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தவர் ரெக்ஸ் இங்கிராம். 1911இல் கடல் கடந்து அமெரிக்கா சென்ற அவர், யேல் பல்கலைக்கழகத்தில் சிற்பக்கலை பயின்றார். ஒளி, நிழல், வடிவம் குறித்து அங்குப் பெற்ற பயிற்சியே அவர்தம் திரைப்படங்களுக்கு அடித்தளமாயிற்று. முதல் உலகப்போரின் அழிவைக் காட்டிய ‘ஊழிக்காலத்தின் நான்கு குதிரைவீரர்கள்’ என்னும் மௌனப்படம் 1921இல் வெளிவந்து பெருவெற்றி ஈட்டியது. ருடால்ப் வாலண்டினோவைப் புகழ்பெற்ற நடிகராக்கியது. எனினும், படநிறுவனத் தலைவர்களின் தலையீட்டை இங்கிராம் விரும்பவில்லை. ஹாலிவுட்டை விட்டு நீங்கி, பிரான்சின் நீஸ் நகரில் படங்களை உருவாக்கினார். பேசும்படக் காலத்தில் ஒரே ஒரு படத்தை இயக்கியபின் திரையுலகிலிருந்து விலகி, மீண்டும் சிற்பக்கலையை நாடினார். 1950இல் மறைந்தார். புகழும் பொருளும் கைகூடிய வேளையிலும் கலையுரிமையை விட்டுக்கொடுக்காத உறுதியை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.