ஓட்டோ லிலியெந்தால்

ஆகாய விமானம் என்றவுடன் நம் மாணவர் யாவரும் ரைட் சகோதரர் பெயரையே கூறுவர். அது முறையே. ஆயினும் அவ்விருவரும் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டவர் ஒருவர் இருந்தார். அவரும் ஒரு சகோதர ஜோடியில் மூத்தவரே. யந்திரத்தின் துணையின்றிச் சிறகுகளைத் தாங்கி 2000 முறைக்கு மேல் குன்றினின்று காற்றிற் பாய்ந்து இறங்கியவர். இறுதியில் அக்காற்றினாலேயே உயிர் துறந்தவர். ஜெர்மனி தேசத்தவராகிய ஓட்டோ லிலியெந்தால் என்னும் அப்பெரியாருடைய சரித்திரத்தை நம் கல்லூரி அன்பர்களுக்கு ஒருவாறு கூறப் புகுகின்றேன்.

பிரஷ்யா ராஜ்யத்தின் வடபாலுள்ள ஆங்க்லாம் என்னும் சிற்றூரில் 1848-ஆம் வருஷம் மே மாதம் 23-ஆம் தேதி ஓட்டோ பிறந்தார். தந்தையார் துணி வியாபாரி. பிறந்த மக்கள் எண்மருள் பிழைத்தவர் ஓட்டோவும், குஸ்தாவ் என்னும் தம்பியும், ஒரு தங்கையுமே. 1861-இல் தந்தையாரும் இறக்கவே, குடும்பபாரம் முழுதும் தாயார்மேல் விழுந்தது. ஊரைச் சுற்றிலும் பசும்புற்றரைகள் உண்டு. கோடைகாலத்தில் ஆங்குச் செங்கால் நாரைகள் வந்து மேயும். பிள்ளைகள் இருவரும் அவற்றின் அருகே பதுங்கிச் சென்று, அவை எழும்புவதைப் பார்ப்பர். எப்பக்கமாய் நின்ற நாரையும் காற்றை எதிர்நோக்கித் திரும்பியே எழும்புதல் கண்டு அதன் காரணத்தை ஆராயத் தொடங்கினர்.

பார்த்ததோடு நின்றாரல்லர். மெல்லிய பலகைகளால் ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ள சிறகுகள் செய்து, தோள்களிற் கட்டிக்கொண்டு, ஒரு மேட்டினின்று கீழ்நோக்கி ஓடிப் பார்த்தனர். பள்ளித் தோழர் கண்டால் நகைப்பரென்று நாணி, இதனை இரவிலேயே செய்தனர். அவ்வேனில் இரவுகளிலோ காற்றென்பது சிறிதும் இல்லை, ஆகவே எழும்பவுமில்லை. பிறர் நகைப்புக்கு அஞ்சி மறைந்தமையால், பறத்தற்கு இன்றியமையாத காற்றையே இழந்தனர் என்க. இவ்வச்சத்தை அவர் அடியோடு நீக்கப் பின்னும் முப்பது வருஷங்கள் சென்றன.

போட்ஸ்டாமிலும் பெர்லினிலும் ஓட்டோ யந்திர சாஸ்திரம் பயின்றார். மாணவராயிருந்த காலத்தில், தம்பியோடு சேர்ந்து காலால் மிதித்து அசைக்கும் சிறகு யந்திரம் ஒன்று அமைத்தார். அது அவர் பாரத்தில் ஏறத்தாழப் பாதியை மட்டும் தூக்கிற்று; மறுபாதிக்குக் கயிற்றில் எதிர்நிறை கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது. மனிதன் தன் தசைவலியால் மாத்திரம் சிறகடித்துப் பறத்தல் எளிதன்று என்பது இதனால் விளங்கிற்று. 1870-இல் பிரான்சோடு மூண்ட போருக்குச் சென்று மீண்டபின், அவர் சிறகடித்தலை விட்டுச் சிறகின் வடிவத்தை ஆராயலானார். சுழலும் நீண்ட கோலின் நுனியில் பலவகைத் தட்டுகளைப் பொருத்தி, காற்று அவற்றை எவ்வளவு தூக்குகின்றது, எவ்வளவு தடுக்கின்றது என நிறுத்துக் கணக்கிட்டார். தட்டையான பரப்பினும் சற்றே வளைந்த பரப்பே மிகுதியாய்த் தாங்குமென்பது அவர் கண்ட உண்மை. இக்கணக்குகள் யாவும் 1889-இல், பறவை பறத்தலைப் பறக்கும் கலைக்கு அடிப்படையாகக் கொண்ட நூலாய் வெளிவந்தன. அந்நூலை அக்காலத்தில் வாங்கினவர் சிலரே.

இதற்கிடையில் வயிறு வளர்க்கவும் வேண்டுமன்றோ? பாம்புபோல் வளைந்த குழாய்களையுடைய, எளிதில் வெடியாத நீராவிக் கொதிகலம் ஒன்றை அமைத்துப் பெர்லினில் தொழிற்சாலை நடத்தினார். 1890-இல் ஆதாயத்தில் நூற்றுக்கு 25 பங்கைத் தொழிலாளருக்கே பகிர்ந்தளிக்க ஏற்பாடு செய்தார். ஏழைகளும் காணும்படி குறைந்த கட்டணத்தில் நடந்த நாடகசாலை ஒன்றுக்குப் பொருளுதவி செய்ததோடு, தாமே ஒரு நாடகம் எழுதினார்; மேடையேறி நடித்தும் இருக்கிறார். குழந்தைகள் அடுக்கி விளையாடும் கல்லாலான சிறு கட்டைகளை இச்சகோதரரே கண்டுபிடித்தனர். ஆனால் உரிமையை விற்றுவிட்டமையால், செல்வம் பெற்றவர் பிறரே. பறத்தலையே பித்தாகக் கொண்ட ஒருவர் என நாம் எண்ணுபவர் இத்தனை காரியங்களில் ஈடுபட்டிருந்தார் என்பதை, ஒரு பாடத்துக்கே பொழுது போதவில்லையென்னும் நம்மனோர் கருதவேண்டும்.

1891-இல், தமது 43-ஆம் வயதில், அவர் உண்மையாகவே பறக்கத் தொடங்கினார். முதலில் தம் தோட்டத்தில் ஒரு மீட்டர் உயரமான பலகைமேல் ஓடிக் குதித்துப் பழகினார். பிறகு பலகையைச் சிறிது உயர்த்தினார். அதன்பின்னரே டெர்விட்ஸ் என்னும் ஊரருகே ஒரு மேட்டிற்குச் சென்று, 25 மீட்டர் தூரம் வரை காற்றில் மிதந்தார். 1893-இல் ரீனோ மலைகளில் 250 மீட்டர் சென்றார். 1894-இல் பெர்லினுக்கு அருகிலுள்ள லிக்டெர்பெல்டேயில் 15 மீட்டர் உயரமான செயற்கைக் குன்று ஒன்றை எழுப்பினார். அதைக் கூம்பு வடிவாய் அமைத்தது, காற்று எத்திசையினின்று வீசினும் அதை எதிர்நோக்கி ஓடும்பொருட்டே. நாரைகள் கற்பித்த பாடம் மறக்கவில்லை போலும்!

அவர் ஏறிய கிளைடர் மிக எளியது. வில்லோ மரக் கொம்புகளும் பருத்தித் துணியுமே அதன் உறுப்புகள். எடை சுமார் 20 கிலோ. சிறகின் அகலம் ஏறத்தாழ 7 மீட்டர். மடக்கி எடுத்துச் செல்லலாம். முன்கைகளைச் சட்டத்தில் ஊன்றி, இடுப்பும் கால்களும் கீழே தொங்க நிற்பார். ஒரு பக்கத்துச் சிறகு மேலெழுந்தால், கால்களை அப்பக்கம் வீசித் தம் பாரத்தால் அதைத் தாழ்த்துவார். இதுவே அவர்க்குச் சுக்கானும் கடிவாளமும். இதில் ஒரு குறையும் உண்டு. தோளும் கையும் சட்டத்தில் அகப்பட்டிருந்தமையால், அசைக்கக்கூடியது உடலின் கீழ்ப்பாகமே. காற்று வலிதாய் மோதினால் அப்பாரம் போதாது. பிற்காலத்தில் இவ்வினையாட்டைத் தொடர்ந்தவர், உடல் முழுவதையும் வாரில் தொங்கவிட்டு, முன்னுள்ள கோலைப் பற்றித் தள்ளியும் இழுத்தும் செலுத்தும் முறையைக் கைக்கொண்டனர். அதனால் முழு உடலின் பாரமும் உதவுகின்றது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜனங்கள் திரண்டு வேடிக்கை பார்த்தனர். புகைப்படக்காரர் பிடித்த படங்கள் பல தேசங்களுக்கும் சென்றன. மனிதன் பறத்தல் கட்டுக்கதையன்று என்பதற்கு அவையே சாட்சி. கிளைடர்களை 500 மார்க் விலைக்கு விற்கவும் செய்தார். வாங்கினவருள் ருஷ்ய விஞ்ஞானி ஷுக்கோவ்ஸ்கியும் ஒருவர். இவ்வளவு பறந்தும், ரைட் சகோதரருள் மூத்தவராகிய வில்பரின் கணக்கின்படி, ஐந்து வருஷங்களில் அவர் காற்றிலிருந்த நேரம் மொத்தம் ஏறக்குறைய 5 மணியே.

1894-இல் ஒருமுறை அவர் கீழே விழுந்தார். கிளைடரின் முன்புறம் வில்லோக் கொம்பினை வளைத்துக் கட்டிய வளையம் ஒன்று, தரையில் முதலில் மோதி நொறுங்கி அதிர்ச்சியைத் தாங்கியமையால் உயிர் தப்பினார். இவ்வளையத்தைக் கண்டுபிடித்தவர் அவரே. 1896-ஆம் வருஷம் ஆகஸ்டு 9-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஸ்டொல்லன் கிராமத்துக் கொல்லன்பெர்க் என்னும் குன்றுக்குத் தம் உதவியாளரோடு சென்றார். அன்று அவர் ஏறிய கிளைடரில் அவ்வளையம் பூட்டப்படவில்லை. வெயிலால் எழுந்த காற்றொன்று சிறகின் முன்புறத்தை மேலே தூக்கிற்று. கிளைடர் வேகமிழந்து அசையாது நின்றது. அவர் கால்களை முன்னே வீசி அதைத் தாழ்த்த முயன்றும் பயனில்லை. சுமார் 15 மீட்டர் உயரத்தினின்று விழுந்து கழுத்தெலும்பு முறிந்தார். மறுநாள் பெர்லின் வைத்தியசாலையில் உயிர் நீத்தார். வயது 48.

உயர்ந்த காரியத்திற்குப் பலி இன்றியமையாதது என்னும் கருத்துடைய சொற்களை அவர் மரணத்தறுவாயில் மொழிந்ததாகக் கூறி, அதனைக் கல்லறையிலும் பொறித்திருக்கின்றனர். அவர் அங்ஙனம் கூறினார் என்பதை ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். எனக்கும் அது பொருத்தமாய்த் தோன்றவில்லை. ஒரு மீட்டர் பலகையினின்று தொடங்கிப் படிப்படியாய் ஏறினவர், விழுந்தால் தாங்கவென்று வளையம் செய்தவர், பலியை வேண்டினவர் ஆவரோ? அன்று அவருக்கு இல்லாதிருந்தவை, முன்பு ஒருமுறை உயிர்காத்த ஒரு மரவளையமும், முன்புறம் தூக்கிய சிறகைத் தாழ்த்தப் போதுமான வலியுமே.

அவருடைய மாணவர்போல் விளங்கிய இங்கிலாந்தின் பெர்ஸி பில்ச்சர் 1899-இல் அவ்வாறே கிளைடரினின்று விழுந்து இறந்தார். லிலியெந்தாலின் மரணச் செய்தியே ரைட் சகோதரரைப் பறத்தலை மீண்டும் ஆராயத் தூண்டிற்று. உடலை அசைத்து ஆளும் முறை போதாதென உணர்ந்து, அவர்கள் சிறகையே முறுக்கி ஆளும் முறையைக் கண்டனர். 1901-இல் தம் கிளைடர் எதிர்பார்த்தவாறு தூக்காமையால் லிலியெந்தாலின் அட்டவணையைச் சந்தேகித்தனர். காற்றுக்குழாய் அமைத்துச் சோதித்தபோதோ, அவர் அளவுகள் பெரும்பாலும் சரியென்றும், பிழை அக்காலத்தார் யாவரும் கையாண்ட பழைய எண் ஒன்றில் உள்ளதென்றும் கண்டனர்.

யந்திர விமானம் வந்தபின் உடலசைத்துப் பறக்கும் கலை நெடுங்காலம் உறங்கிற்று. 1971-ஆம் வருஷம் மே 23-ஆம் தேதி, அவர் பிறந்த நாளன்று, கலிபோர்னியாவில் இளைஞர் சிலர் தாமே செய்த கிளைடர்களோடு ஒரு குன்றில் கூடி அவர் பெயரால் போட்டி நடத்தினர். 1976-இல் ஆஸ்திரியாவின் கொஸ்ஸன் என்னுமிடத்தில் இவ்வினையாட்டின் முதல் உலகப் போட்டி முறைப்படி நடந்தது.

அவர் விழுந்த ஸ்டொல்லன் கிராமத்தில் 1989-ஆம் வருஷம் அக்டோபர் 23-ஆம் தேதி ஒரு விந்தை நிகழ்ந்தது. பிரயாணிகளை ஏற்றும் பெரிய ஜெட் விமானம் ஒன்றை, சுமார் 900 மீட்டர் நீளமே கொண்ட புற்றரையில் இறக்கி நிறுத்தினர். லிலியெந்தாலின் மனைவியார் பெயரால் அதற்கு ஆக்னஸ் சீமாட்டி எனப் பெயர் சூட்டினர். அது மீண்டும் பறக்கவில்லை. இப்பொழுது அதனுள்ளே திருமணங்கள் பதிவு செய்யப்படுகின்றன.