தங்கைக்குத் தவறிப்போன நோயறிதல்... முத்துலட்சுமி ரெட்டி கேன்சர் மருத்துவமனை கட்டிய கதை!

லேப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நாம என்ன செய்யறோம்? போட்டோ எடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புறோம். அந்த ரிப்போர்ட் சரியா, அதை யார் சரிபார்த்தாங்கன்னு பெரும்பாலும் கேட்கறதில்லை. ஆனால் நோயைத் தவறாகக் கணித்தால் ஒரு உயிரே போகலாம். இதைத் தன் வீட்டிலேயே பார்த்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

யார் இவர்?

காரைக்குடியிலிருந்து வடக்கே சுமார் ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30 அன்று பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் படிப்பதா என எதிர்ப்பு கிளம்ப, புதுக்கோட்டை மன்னரே தலையிட்டு அனுமதி கொடுத்தார். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912-ல் டாக்டராக வெளியே வந்தார்.

வீட்டுக்குள் வந்த நோய்

1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சீதபேதி என்று நினைத்தே சிகிச்சை நடந்தது. உண்மையில் அது மலக்குடல் கேன்சர். அது தெரியவந்தபோது நோய் முற்றியிருந்தது. அக்கா டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

எப்படி இந்தத் தவறு நடக்கிறது? சீதபேதியிலும் மலத்தில் ரத்தம் போகும், மலக்குடல் கேன்சரிலும் போகும். அறிகுறியை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம். இதை உறுதி செய்வது பயாப்ஸி. சந்தேகப்படும் இடத்திலிருந்து சிறிய துண்டு சதையை எடுத்து, ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து பிளாக் ஆக்குவார்கள். அதை மிக மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடாக மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார் பேத்தாலஜிஸ்ட். இதில் எந்தப் படியில் சறுக்கினாலும், பெயர் ஒட்டுவதில் மாறினாலும், ரிப்போர்ட் தப்பாகிவிடும்.

12 படுக்கைகளில் தொடக்கம்

1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் போனார் முத்துலட்சுமி. திரும்பி வந்து 1927-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினராகி, அதன் துணைத் தலைவரும் ஆனார். தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவரப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார்.

இத்தனைக்கும் நடுவில் தங்கையின் மரணத்தை அவர் மறக்கவில்லை. கேன்சருக்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று 1935-லேயே கோரிக்கை வைத்தார். ஆதரவு எளிதில் கிடைக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் வெறும் 12 படுக்கைகளுடன் திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். 1968 ஜூலை 22 அன்று முத்துலட்சுமி காலமானார்.

இன்னைக்கு லேப்களை யார் கண்காணிக்கிறாங்க?

தனியார் மருத்துவமனைகளையும் லேப்களையும் முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்தது. அதற்கான விதிகள் வர 2018 வரை ஆனது! தரச் சான்று தரும் தேசிய அமைப்பு என்ஏபிஎல். ஆனால் அந்தச் சான்று கட்டாயமில்லை. லேப் விரும்பினால் வாங்கலாம்.

இன்னொரு வழி, லேப்களுக்கே தேர்வு வைப்பது. வேலூர் சிஎம்சி இதை நடத்துகிறது. ஒரே மாதிரியான சாம்பிளை நாடு முழுக்கப் பல லேப்களுக்கு அனுப்பி, வந்த முடிவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எந்த லேப் விலகிப் போகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

நாம என்ன செய்யலாம்?

லேப்புக்கு என்ஏபிஎல் சான்று இருக்கா, நமக்குத் தேவையான டெஸ்ட் அதில் அடங்குமா என்று கேட்கலாம். ரிப்போர்ட்டில் பெயர், வயது, கையெழுத்துப் போட்டவரின் தகுதி எல்லாம் சரியா பார்க்கலாம். பயாப்ஸி என்றால் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கலாம். காரைக்குடியில் எடுத்த பயாப்ஸியை, மறுபடி சதை எடுக்காமலேயே, மதுரையிலோ சென்னையிலோ இன்னொரு பேத்தாலஜிஸ்ட் பார்த்துச் சொல்ல முடியும்.

முத்துலட்சுமியின் தங்கைக்குக் கிடைக்காமல் போனது, சரியான நேரத்தில் ஒரு சரியான பதில். அதைக் கேட்டு வாங்கும் வழி இன்னைக்கு நம்மகிட்ட இருக்கு.