பார்த்து வரைந்த கை

ஹென்றி மத்தீஸ் 1869 டிசெம்பர் 31ஆம் திகதி பிரான்சின் வடபகுதியில் லு கத்தோ என்ற ஊரிற் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். மகன் சட்டம் படித்து, சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக அமர்ந்தார். இருபது வயதளவில் வயிற்று நோயினால் நெடுநாள் படுக்கையிற் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று தாயார் ஒரு வர்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். நோய் மாறியது, வர்ணம் விடவில்லை. தந்தையாருக்கு விருப்பமில்லாதபோதும் 1891இல் ஓவியம் பயிலப் பாரிஸ் சென்றார்.

அங்கே கலைக்கல்லூரியின் நுழைவுப் பரீட்சையில் தேறவில்லை. ஆனாலும் அங்கு கற்பித்த குஸ்தாவ் மொறோ அவரைத் தம் மாணவர்களோடு சேர்த்துக்கொண்டார். தம் பாணியை எவர்மீதும் திணிக்காத ஆசிரியர் அவர். லூவர் நூதனசாலைக்குப் போய், பழைய மேதைகளின் ஓவியங்களைப் பார்த்து வரையும்படி மாணவர்களை ஊக்கினார்.

1893இல் மத்தீஸ் தேர்ந்தெடுத்தது, ஒல்லாந்த ஓவியர் யான் டி ஹேம் 1640இல் தீட்டிய பெரிய விருந்து மேசை. பழங்கள், கண்ணாடிக் கிண்ணங்கள், கசங்கிய துணி என்று அசையாப் பொருட்கள் நிறைந்த ஓவியம். ஒளி எங்கே விழுகிறது, நிழல் எவ்வளவு மெதுவாகக் கருக்கிறது என்பதை அவர் கை அங்கே கற்றது. அவர் வரைந்த நகல்கள் சிலவற்றை அரசு விலைக்கு வாங்கியது. வறுமைக்கு அது உதவியது.

பிரெஞ்சு ஓவியர் ஷார்தானே அவரை மிகவும் சோதித்தவர். ஷார்தானின் புகைக்குழாய் ஓவியத்திலுள்ள பெட்டியின் நீலம் ஒருநாள் இளஞ்சிவப்பாகவும் மறுநாள் பச்சையாகவும் தோன்றியதாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. தம் நகலைத் துண்டுகளாக வெட்டி மூல ஓவியத்தோடு ஒப்பிட்டார் என்பர். ஒவ்வொரு துண்டும் பொருந்தியது. சேர்த்து வைத்தால் பொருந்தவில்லை. ஒரு நிறம் அயல்நிறத்தாலேயே உயிர்பெறுகிறது என்பதை இந்தத் தோல்வி உணர்த்துகிறது. உறுப்புகளைத் தனித்தனியே படித்துவிட்டு முழு நோயாளியின் முன் திகைத்து நின்ற என் போன்ற வைத்தியர்களுக்கு இது நன்கு விளங்கும்.

1915இல், 22 ஆண்டுகளின் பின், அதே விருந்து மேசையை மீண்டும் தீட்டினார். பொருட்கள் அவையே, கோடுகளும் நிறங்களும் முற்றிலும் மத்தீஸுக்கே உரியவை. பார்த்து வரைந்தவர் தம் வழியை இழக்கவில்லை.

1941இல் புற்றுநோய்க்காகப் பெரிய சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின் நெடுநேரம் நிற்க முடியாதவர், படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி வர்ணம் பூசிய தாள்களைக் கத்தரித்துப் புதுவகைச் சித்திரங்கள் படைத்தார். 1954 நவம்பர் 3ஆம் திகதி நீஸ் நகரிற் காலமானார்.

கரும்பலகையில் ஆசிரியை எழுதிய எழுத்தைப் பார்த்து எழுதித்தான் நாமும் தொடங்கினோம். இன்று நம் ஒவ்வொருவரின் கையெழுத்தும் வேறு. நூறு ஆண்டுகளாக இப்பாடசாலை செய்துவரும் வேலையும் அதுவே.