பிறந்தது ஓர் ஊர், பூர்வீகம் ஓர் ஊர்

அமெரிக்காவில் கலிபோர்னியா என்றதும் தங்க வேட்டை நினைவுக்கு வரும். தங்க வேட்டை என்றதும் ஜோஹான் அகஸ்ட் சுட்டர் என்ற சுவிட்சர்லாந்துக்காரரின் பெயர் வரும். 1848-ம் ஆண்டு தங்கம் தென்பட்டது அவருக்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மர அறுவை ஆலையில்தான். ஆனால் அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டால், பதில் அவ்வளவு சுலபம் அல்ல.

மேஸ்திரியின் மகன்

சுட்டர் பிறந்தது சுவிட்சர்லாந்தில் அல்ல. எல்லைக்கு அப்பால், ஜெர்மனியில் உள்ள கண்டர்ன் என்ற சிற்றூரில் 1803 பிப்ரவரி 15-ந் தேதி பிறந்தார். தந்தை அங்கே காகித ஆலையில் மேஸ்திரி. பிழைப்புக்காகப் போன குடும்பம்.

ஆனாலும் சுட்டர் சுவிட்சர்லாந்தின் குடிமகனே. அந்த நாட்டில் பிறந்த இடம் முக்கியம் அல்ல. முன்னோரின் ஊர்தான் கணக்கு. அந்தக் காலத்தில் தகப்பன் ஊர் பிள்ளைக்கு வந்தது. சுட்டர் குடும்பத்தின் பூர்வீகம் பாசல் வட்டாரத்தில் உள்ள ரூனன்பெர்க் கிராமம்.

இதற்குக் காரணம் உண்டு. நொடித்துப்போன ஏழையைக் காப்பாற்றும் பொறுப்பு அவனுடைய பூர்வீக ஊருக்கு இருந்தது. ஆகவே, யார் தன் ஊரார் என்று ஒவ்வொரு ஊரும் கவனமாக எழுதி வைத்தது. இன்றும் சுவிட்சர்லாந்து பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் இருக்காது. பூர்வீக ஊரே இருக்கும். அங்கிருந்து வந்த பாட்டன் முப்பாட்டனைத் தேடுகிறவர்கள் முதலில் அந்த ஊரின் பெயரைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அது தெரிந்தால் பழைய காலத்துக்கு மாதா கோவில் ஏடுகளும், 1876-க்குப் பின் அரசாங்கப் பதிவேடுகளும் கைகொடுக்கும்.

கடனும் ஓட்டமும்

சுட்டர் 1826-ல் பர்க்டோர்ப் நகரில் திருமணம் செய்து, ஜவுளிக் கடை வைத்தார். கடை நொடித்தது. கடன்காரர்கள் நெருக்கினார்கள். 1834 மே மாதம் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் விட்டுவிட்டு அமெரிக்காவுக்கு ஓடினார்.

போன இடத்தில், பிரான்சு மன்னரின் சுவிஸ் காவல் படையில் தாம் கேப்டனாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டார். ஊர் ஏடுகள் அப்படிச் சொல்லவில்லை. அவை காட்டுவது கடனில் மூழ்கிய ஒரு கடைக்காரரைத்தான்.

புதிய சுவிட்சர்லாந்து

1839-ல் கலிபோர்னியா சேர்ந்தார். அது அப்போது மெக்சிகோ வசம் இருந்தது. மறு ஆண்டு மெக்சிகோ குடிமகன் ஆனார். 1841-ல் சுமார் 48,000 ஏக்கர் நிலம் கிடைத்தது. அதற்கு அவர் வைத்த பெயர் நியூ ஹெல்வெஷியா. ஹெல்வெஷியா என்பது சுவிட்சர்லாந்தின் லத்தீன் பெயர். அந்நாட்டுத் தபால் தலைகளில் இருப்பதும் அதுவே. ஓடி வந்தவருக்கும் தாய்நாட்டின் பெயரை விட மனம் இல்லை. ஆனால் அந்த மண்ணின் பூர்வ குடிகளை அவர் வலுக்கட்டாயமாக வேலை வாங்கினார் என்பதும் மறைக்க முடியாத உண்மை.

1848 ஜனவரி 24-ந் தேதி தங்கம் தென்பட்டது. அதுவே அவருக்கு வினையாக முடிந்தது. வேலையாட்கள் தங்கம் தேடிப் போய்விட்டார்கள். வந்தவர்கள் நிலத்தில் குடியேறினார்கள். கால்நடைகள் களவு போயின. வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன.

மூத்த மகன் 1848-ல் வந்து சேர்ந்தார். சாக்ரமெண்டோ நகரை உருவாக்கியவர் அவரே. மனைவி வந்து சேர்ந்தது 1850-ல். கணவனைப் பிரிந்து 16 ஆண்டுகள் ஆகிவிட்டன!

கடைசி நாட்கள்

1865-ல் வீடும் தீக்கு இரையானது. சுட்டர் பென்சில்வேனியாவில் உள்ள லிட்டிட்ஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். நஷ்ட ஈடு கேட்டு வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார். கிடைக்கவில்லை. 1880 ஜூன் 18-ந் தேதி அங்கேயே இறந்தார். உடல் லிட்டிட்ஸில் அடக்கம் செய்யப்பட்டது. மறு ஆண்டு மனைவியும் மறைந்தார், அருகிலேயே அடக்கமானார்.

பிறந்தது ஜெர்மனியில், வாழ்ந்து கெட்டது கலிபோர்னியாவில், கண் மூடியது வாஷிங்டனில். ஆனாலும் அவருடைய வம்சத்தைத் தேடுகிறவர்கள் போய்ச் சேரும் இடம் அவர் பிறக்காத ஊரான ரூனன்பெர்க்தான்.