முதல் சிங்களப் பேசும்படம் உருவானது மதுரையில்... ஹீரோயின் ஒரு தமிழ்ப் பெண்! யார் இந்த ருக்மணி தேவி?

தமிழின் முதல் பேசும்படம் எதுன்னு கேட்டா, 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ என்று பலரும் டக்கென்று சொல்லிடுவாங்க. ஹீரோயின் டி.பி.ராஜலட்சுமி. சினிமா குவிஸ்ல இது ஈஸியான கேள்விதான். சரி, சிங்கள மொழியின் முதல் பேசும்படம் எது? அதில் ஹீரோயின் யார்?

படத்தின் பெயர் ‘கடவுனு பொரொந்துவ’. ‘உடைந்த வாக்குறுதி’ என்று அர்த்தம். 1947 ஜனவரி 21-ல் ரிலீஸ் ஆனது. தயாரிப்பாளர் எஸ்.எம்.நாயகம், ஒரு தமிழர். இயக்குநர் ஜோதிஷ் சிங், வங்காளி. இசை ஆர்.நாராயண ஐயர். படம் எடுக்கப்பட்ட ஊர், நம்ம மதுரை.

ஹீரோயினும் தமிழ்தான். பிறந்தபோது வைத்த பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். ஆனால் இலங்கை முழுக்க அவரை ருக்மணி தேவி என்றுதான் தெரியும்.

மலைநாட்டில் பிறந்த ராசம்மா

1923 ஜனவரி 15-ல், நுவரெலியா பக்கத்தில் உள்ள ரம்பொடையில் பிறந்தார். தேயிலைத் தோட்டங்களும் அருவிகளும் சூழ்ந்த மலை ஊர் அது. குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம், கொழும்புச் செட்டி சமூகப் பின்னணி கொண்டது. தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்காகப் போய், தலைமுறை தலைமுறையாகக் கொழும்பிலேயே தங்கிவிட்ட சமூகம் இது. அவர்களில் பெரும்பாலானவர்கள் கிறிஸ்தவர்கள்.

குடும்பம் பிறகு கொழும்புக்கு வந்தது. ராசம்மாவுக்குக் குரல் நல்லா இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே சிங்கள மேடையில் ஏறிவிட்டார். நாடகம் ‘ராமாயணய’. அவருக்குக் கிடைத்த வேடம் சீதை. டெய்சி என்ற பெயர் பின்னால் போய், ருக்மணி தேவி என்ற மேடைப் பெயர் வந்தது இந்தக் காலகட்டத்தில்தான்.

1930-களின் இறுதியில் அவர் குரல் கிராமபோனிலும் ஏறியது. எச்.டபிள்யூ.ரூபசிங்கவுடன் சேர்ந்து அவர் பாடிய ‘சிரி புத்தகயா விஹாரே’ என்ற பௌத்த பக்திப் பாடல் பெரிய ஹிட்.

இங்கே ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. ஒரு கிறிஸ்தவத் தமிழ்ப் பெண், இந்து இதிகாசத்தின் சீதையாக சிங்கள மேடையில் அறிமுகமாகிறார். புத்தகயாவைப் போற்றும் பாடலால் வீடு வீடாகப் போய்ச் சேர்கிறார். அன்றைய கலை உலகத்தில் இப்படி ஒரு பாதை திறந்திருந்தது என்பதற்கு அவரே சாட்சி.

மேடையில் பாடத் தெரிஞ்சாதான் ஸ்டார்

அந்தக் காலச் சிங்கள மேடையைப் புரிஞ்சுக்க நமக்கு ரொம்பக் கஷ்டம் இல்லை. நம்ம ஊர் நாடக மேடையைப் போலவே, அங்கேயும் பார்சி நாடகக் கம்பெனிகளின் தாக்கம் அதிகம். ‘நூர்த்தி’ என்று அழைக்கப்பட்ட அந்த நாடகங்களில் இந்துஸ்தானி மெட்டுகளில் சிங்களப் பாட்டு இருக்கும். கொழும்பு மருதானையில் இருந்த டவர் ஹால் அதன் கோட்டை. எம்.கே.தியாகராஜ பாகவதரையும் கே.பி.சுந்தராம்பாளையும் பாட்டுக்காகவே ஜனங்கள் கொண்டாடிய மாதிரி, அங்கேயும் பாடத் தெரிந்தால்தான் ஸ்டார்.

அடுத்த கட்டமாக ருக்மணி தேவி சேர்ந்தது மினர்வா நாடகக் குழுவில். குழுவை நடத்தியவர் நீர்கொழும்பைச் சேர்ந்த பி.ஏ.டபிள்யூ.ஜெயமான்ன. ராஜா ராணி கதைகளை விட்டுவிட்டு, அன்றைய குடும்பப் பிரச்சினைகளை மேடைக்குக் கொண்டுவந்தவர். அவர் தம்பி எடி ஜெயமான்ன குழுவின் காமெடியன். எடிக்கும் ருக்மணிக்கும் காதல். பெற்றோர் சம்மதிக்கவில்லை. அதை மீறித்தான் கல்யாணம் நடந்தது. ஸ்டேஜில் கண்ணீர் ஹீரோயினும் சிரிப்பு நடிகருமாக இருந்த இருவரும் வாழ்க்கை முழுக்க ஒன்றாகவே இருந்தார்கள்.

ஏன் மதுரை?

‘காளிதாஸ்’ வந்து 16 வருஷம் கழித்துத்தான் சிங்களத்தில் பேசும்படம் வருகிறது. காரணம் சிம்பிள். இலங்கையில் அப்போது ஒலியுடன் முழுப் படம் எடுக்கிற வசதியுள்ள ஸ்டூடியோ இல்லை. தியேட்டர்கள் இருந்தன. அவற்றில் ஓடியவை தமிழ், இந்தி, ஆங்கிலப் படங்கள்.

எஸ்.எம்.நாயகத்துக்கு மதுரையில் சித்ரகலா மூவிடோன் என்ற ஸ்டூடியோ இருந்தது. சிங்களத்தில் ஒரு படம் எடுத்தால் ஓடும் என்று அவர் கணக்குப் போட்டார். புதுசாகக் கதை தேடவில்லை. மேடையில் ஏற்கெனவே கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்த மினர்வா நாடகத்தையே எடுத்துக்கொண்டார். நடிகர்களும் அதே குழுதான். கொழும்பிலிருந்து ரயிலேறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயிலேறினால் தமிழ்நாடு. ‘போட் மெயில்’ ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இலங்கைக்கும் மதுரைக்கும் நடுவில் இருந்த தூரம் அன்றைக்கு மனசளவிலும் குறைவுதான்.

படம் வெளியானதும் கூட்டம் அலைமோதியது. சொந்த மொழியில் திரை பேசுவதை ஜனங்கள் முதல்முறையாகக் கேட்கிறார்கள். பாடியும் நடித்தும் அந்தத் திரையை நிறைத்த முகம் ருக்மணி தேவியுடையது. ஏற்கெனவே இசைத்தட்டில் கேட்டிருந்த குரலுக்கு இப்போது ஒரு உருவம் கிடைத்துவிட்டது. சிங்களத் திரையின் முதல் ஸ்டார் உருவான கதை இதுதான்.

அடுத்தடுத்து ஹிட்... பிறகு?

‘கபடி ஆரக்ஷகய’ (1948), ‘ஹதிசி வினிச்சய’ (1950), ‘சங்கவுனு பிலிதுர’ (1951), ‘உமது விஸ்வாசய’ (1952) என்று ஜெயமான்ன குழுவின் படங்கள் வரிசையாக வந்தன. ஹீரோயின் ருக்மணி, காமெடிக்கு எடி என்பது ஒரு ஃபார்முலாவாகவே ஆகிவிட்டது.

அந்த வருஷங்களில் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில்தான் எடுக்கப்பட்டன. கேமராமேன், எடிட்டர், செட் போடுபவர், இசையமைப்பாளர் எல்லோரும் இந்தப் பக்கத்து ஆட்கள். அதனால் மொழி சிங்களமாக இருந்தாலும், படத்தின் வீடு, தெரு, டான்ஸ், மெட்டு எல்லாவற்றிலும் தமிழ், இந்தி சினிமாவின் வாசனை அடிக்கும். மேடை நாடகத்தை அப்படியே கேமரா முன்னால் நடித்த மாதிரி இருக்கு என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். அதில் நியாயமும் இருந்தது.

1956-ல் இதற்கெல்லாம் எதிர்த்திசையில் ஒரு படம் வந்தது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘ரேகாவ’. ஸ்டூடியோ செட்டை விட்டு வெளியே வந்து, நிஜக் கிராமத்தில் எடுத்த படம். அடுத்த வருஷம் கான் திரைப்பட விழாப் போட்டிப் பிரிவுக்குப் போனது. படம் உடனே வசூலை அள்ளவில்லை. ஆனால் நல்ல சிங்களப் படம் எப்படி இருக்கணும் என்ற பேச்சு மாறிவிட்டது. நாடக பாணி நடிப்பு பழசாகத் தெரிய ஆரம்பித்தது. அதே 1956-ல்தான் சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற சட்டமும் இலங்கையில் வந்தது. கலையிலும் எது நம்முடையது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கும் காலம் தொடங்கிவிட்டது.

ருக்மணி தேவியை யாரும் வெளியாள் என்று சொல்லவில்லை. அவருடைய பாட்டு அவ்வளவு ஆழமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் அவர் நின்றிருந்த மேடை மெதுவாகச் சுருங்கியது. வயது ஏறியது, புது ஹீரோயின்கள் வந்தார்கள், ஜெயமான்ன குழுவின் பாணிக்கு மவுசு குறைந்தது.

பாட்டுதான் சோறு போட்டது

பிற்காலத்தில் அவர் கையில் இருந்த பெரிய சொத்து குரல்தான். ஊர் ஊராக நடக்கும் இசை நிகழ்ச்சிகளில் பாடினார். ஒரு காலத்தில் தியேட்டர் வாசலில் கட்அவுட்டாக நின்றவர், இளம் பாடகர்களோடு வேனில் இரவுப் பயணம் போய், பாடிவிட்டுத் திரும்பினார். பழைய ஹீரோயினுக்கு இசைத்தட்டோ சினிமாவோ பென்ஷன் தருவதில்லையே. இதில் நமக்குத் தெரியாதது எதுவும் இல்லை. தமிழ் சினிமாவின் தொடக்க கால நட்சத்திரங்கள் பலரின் கடைசி அத்தியாயமும் இப்படித்தான்.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘அஹசின் பொலவட்ட’ 1978-ல் வந்தபோது அதில் ருக்மணி தேவியும் இருந்தார். யாருடைய வருகை அவர் காலத்து சினிமாவைப் பழசாக்கியதோ, அதே இயக்குநரின் படம்.

அந்த வருஷம் அக்டோபரில் தெற்குக் கோடியில் உள்ள மாத்தறையில் ஒரு இசை நிகழ்ச்சி. பாடி முடித்துவிட்டு நீர்கொழும்பு வீட்டுக்குக் கிளம்பினார். கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். இன்றைக்கு இருக்கும் எக்ஸ்பிரஸ்வே அப்போது இல்லை. 1978 அக்டோபர் 28. கொழும்பையும் தாண்டி, ஜா-எல அருகே துடெல்ல என்ற இடத்தில் அவர் வந்த வாகனம் விபத்துக்குள்ளானது. அங்கிருந்து வீடு கொஞ்ச தூரம்தான். வயது 55.

அந்தச் சாலையில் கொழும்பிலிருந்து ஜா-எலவுக்குக் கொஞ்சம் முன்னால் வரும் ஊர் கந்தானை. மதுரையில் முதல் படத்தை எடுத்த நாயகம், 1950-களின் தொடக்கத்தில் இலங்கைக்கே போய் ஸ்டூடியோ கட்டினாரே, அது அங்கேதான்.

ஏன் இன்றைக்கு இந்தக் கதை?

ருக்மணி தேவி இறந்து ஐந்து வருஷத்தில் 1983 ஜூலை வந்தது. கொழும்பு எரிந்தபோது, சிங்கள சினிமாவில் பெரும் முதலீடு செய்திருந்த தமிழர் கே.குணரத்தினத்தின் ஹெந்தல விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. அங்கே வைக்கப்பட்டிருந்த பல சிங்களப் படங்களின் நெகட்டிவ்களும் சாம்பலாயின. சிங்களப் படங்களை இயக்கிவந்த தமிழரான கே.வெங்கட் கொல்லப்பட்டார். தமிழர்களைத் தாக்குவதாக நினைத்துக் கிளம்பிய கும்பல், தங்கள் சொந்த மொழியின் திரை வரலாற்றையும் சேர்த்தே கொளுத்தியது.

ருக்மணி தேவி அதைப் பார்க்க இல்லை. ஆனால் அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், அன்று எரிந்தது என்ன என்பது இன்னும் தெளிவாகப் புரியும். ஒரு மொழியின் சினிமாவை அந்த மொழிக்காரர்கள் மட்டும் தனியாக உருவாக்கியதில்லை. சிங்களத் திரைக்கு முதல் முகமும் முதல் குரலும் தந்தவர் ராசம்மா. அவரை அங்கே யாரும் மறக்கவில்லை. அவருடைய பாடல்களை இன்றைய சிங்களப் பாடகர்கள் மேடைகளில் பாடுகிறார்கள், யூடியூப்பிலும் தேடினால் கிடைக்கும்.

மறந்துபோனது நாம்தான். மதுரைக்காரர்கள் தங்கள் ஊரின் சினிமா பெருமைகளைப் பட்டியல் போடும்போது, இன்னொரு நாட்டின் முதல் பேசும்படத்தையும் இனிமேல் அதில் சேர்த்துக்கலாம். ராசம்மாவின் பெயரையும்.