அச்சுக்கூடத்தில் தமிழ் கற்ற சிலம்புச் செல்வர்

திருப்பதியிலும் சித்தூரிலும் வாழும் தமிழராகிய நமக்குச் சிலம்புச் செல்வர் ம. பொ. சிவஞானம் அவர்களின் பெயரைக் கேட்டதும் வடக்கெல்லைப் போராட்டமே நினைவிற்கு வரும். இவ்வூர்களின் பெயரைத் தமிழகத்து மேடைதோறும் முழங்கிய பெருமகனார் அவர். ஆயினும், அம் முழக்கத்திற்கு வேண்டிய சொற்களை அவர் எங்ஙனம் ஈட்டினார் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. தெலுங்கு வழங்கும் நாட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் புகட்ட முயலும் நாம் அதனை அறிதல் நலம்.

1906 ஜூன் 26ஆம் நாள் சென்னைச் சால்வன்குப்பத்தில் பொன்னுசாமி கிராமணியார்க்கும் சிவகாமி அம்மையார்க்கும் மகனாகத் தோன்றினார். வறுமையால் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. கூலி வேலைகள் சில செய்தபின், டாக்டர் வரதராஜுலு நாயுடு அவர்கள் நடத்திய தமிழ்நாடு இதழின் அச்சகத்தில் கம்பாசிட்டராக அமர்ந்தார்.

அச்சுக் கோக்கும் தொழிலின் அருமையை இன்றைய இளைஞர் அறியார். எழுதியவர் கையெழுத்தை நோக்கி, ஒரு தொடரை மனத்தில் இருத்தி, அறைகள் பல கொண்ட பெட்டியிலிருந்து ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, கையிலுள்ள அச்சுக்கோலில் வரிசையாய் நிறுத்த வேண்டும். எழுத்துக்களோ இடம் வலமாய்த் திரும்பியிருப்பவை. கையெழுத்து விளங்காதவிடத்து, முன்னும் பின்னும் நிற்கும் சொற்களைக் கொண்டே நடுச்சொல் இன்னதென்று தெளிய வேண்டும். ரகர றகரம் மாறின் பொருள் மாறும். பிழை திருத்துவோரின் கோடுகளோடு தாள் திரும்பி வரும். இன்று தலையங்கத்தில் கோத்த சொல் நாளை கூட்டச் செய்தியில் வேறொரு தொடரில் வந்து நிற்கும். தனிச்சொல்லாக ஒன்றும் வருவதில்லை. பத்து இடங்களில் பழகிய சொல்லுக்கு அகராதி எதற்கு? இங்ஙனம் விரல் வழியே தமிழ் கற்றவர் அவர். கூலி கொடுத்துக் கற்பித்த பள்ளி அஃது ஒன்றே போலும்!

1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறைப்பட்டு, வேலூரிலிருந்து அமராவதிச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். வயிற்று நோய் உடலை உருக்கியது. அந்நிலையில் அவர் ஆழ்ந்து கற்றது சிலப்பதிகாரம். விடுதலையானபின் கற்றதை ஏட்டோடு வைத்துக்கொள்ளாமல் ஊர் ஊராகச் சென்று பேசினார். சிலம்புச் செல்வர் என்னும் பட்டத்தை அவருக்கு அளித்தவர் பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை.

தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைத் தமிழுலகின் வட எல்லையாகச் சொல்வதைப் புலவர் அனைவரும் அறிவர். அச்சொல்லைத் தெருவிற்குக் கொணர்ந்தவர் ம. பொ. சி. 1946இல் தமிழரசுக் கழகம் கண்டார். 1947இல் தொண்டர்களுடன் திருப்பதிக்கே வந்தார். இங்கு எதிர்ப்பும் கண்டார். மங்கலங்கிழார் உள்ளிட்டோருடன் அவர் நடத்திய கிளர்ச்சியால், வேங்கடம், எல்லை, மாநிலம் என்னும் சொற்கள் எழுத்தறியாதார் நாவிலும் வழங்கின. தெலுங்கு மக்களும் தம் உரிமையென நம்பியதற்காகவே நின்றனர் என்பதை அவர்களோடு கலந்து வாழும் நாம் மறுத்தல் இயலாது.

1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் அமைந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுட் சென்றது. பின்னர்ப் படாஸ்கர் தீர்ப்பின்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்திற்கு வந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. நம் பிள்ளைகள் தெலுங்கைப் பள்ளியிலும் கடைவீதியிலும் பேசிக் கற்கின்றனர். தமிழையோ ஞாயிறுதோறும் சொற்பட்டியலாக ஒப்பிக்கின்றனர். எது நிலைக்கிறது என்பது கண்கூடு.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை நீங்கியவர்க்கு, வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு என்னும் நூலுக்காக 1966இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது. தமிழகச் சட்ட மேலவைத் தலைவராகவும் வீற்றிருந்தார். 1974இல் எனது போராட்டம் என்று தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். 1995 அக்டோபர் 3ஆம் நாள் மறைந்தார்.